நீ கிழித்துப் போட்ட அட்டை

சேகர்,

கதவை உதைக்காதே. பூட்டவில்லை, சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறோம். உள்ளே யாரும் இல்லை. செல்வி, செல்வி என்று கத்தி ஊரைக் கூட்டாதே. நீ இதைப் படிக்கும்போது உன்னைப் பெற்ற நானும், உன் பெண்டாட்டி செல்வியும், உன் தங்கை மலரும், உன் மகள் அம்முவும் நான்கு பேருமாக விழுப்புரம் போயிருப்போம். குடத்தில் தண்ணீர் இருக்கிறது. குடித்துவிட்டு உட்கார். உட்கார்ந்து இதைக் கடைசி வரி வரைக்கும் படி.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மலர் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, கோபத்தில் படிக்கிறவன் ஒரு சொல்லைக்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முடித்ததும் மடித்து ஒட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சாமி படத்துக்குக் கீழே இருக்கிற ஆணியில் குத்திவிட்டுப் போகிறோம். உனக்கு முன்னால் வேறு யாராவது வந்தால் அவர்கள் படிக்கட்டும். உன்னோடு லோடு ஏற்றுகிறவர்கள் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். மூடி மூடி வைத்துத்தான் இந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது.

முதலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் தள்ளினாய். நான் உரலில் மோதிக் கீழே விழுந்தேன். என் புடவையில் ரத்தம் பரவுவதைப் பார்த்ததும் உன் முகம் செத்துப்போனது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாய். இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. பெற்றவளைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு சென்னை மார்க்கெட்டில் தர்பூசணிக்கு நடுவில் எங்கேயோ படுத்துக் கிடப்பாய். அந்த ரத்தம் நீ தள்ளியதால் வந்ததில்லை. எட்டு மாதமாக அது வந்துகொண்டிருக்கிறது. விழுந்ததில் கொஞ்சம் அதிகமானது, அவ்வளவுதான். அந்த ஒரு குற்றத்திலிருந்து உன்னை விட்டுவிடுகிறேன். மற்றதிலிருந்து விடவில்லை.

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் களை வெட்டிக்கொண்டிருந்தபோது திரும்பவும் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து, தனித் தட்டு தனிச் சொம்பு எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். தீட்டு என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வியாதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன், மூன்று அமாவாசை தள்ளிப்போட்டேன். தீட்டோடு போகக் கூடாது என்று கோயிலுக்குப் பயந்தேனே தவிர, என் உடம்புக்குப் பயப்படவில்லை. என்னோடு மல்லாட்டைக் கடலை பிடுங்க வருகிற கன்னியம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். "இன்னாடி இது, திரும்பக் கொமரி ஆயிக்கினு கீற. மஞ்சத் தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள். நானும் சிரித்தேன். சேகர், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நாற்றம் வர ஆரம்பித்தது. இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலித்தது. பழைய புடவையைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டேன். துணியை யாரும் பார்க்காமல் கொல்லைப்புறம் சாம்பலுக்குள் புதைத்தேன். ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் மலரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். வயசுக்கு வந்த பெண், தனியாக பஸ்ஸில் போக வேண்டாம் என்று ஊருக்கும் உனக்கும் சொன்னேன். பொய். என்னால் குனிய முடியவில்லை, என் வேலையைச் செய்ய இன்னொரு முதுகு வேண்டியிருந்தது. இதை எழுதுகிறபோது அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது மலர், நிறுத்தாதே.

என் துணியைக் கண்டுபிடித்தது செல்விதான். நாய் தோண்டிப் போட்டிருந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. வெந்நீர் வைத்து, அலசி, காயப்போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா அத்தை?"

"தீட்டும்மா. வேற ஒண்ணும் இல்ல."

"மாசம் பூரா வர்றது தீட்டு இல்ல அத்தை. வர்ற வெசாயக்கெழம பொம்பளைங்கள டெஸ்ட்டு பண்ண கேம்பு போடறாங்க. நர்ஸம்மா வூடு வூடா சொல்லிக்கினு போனாங்க. நீங்க வாங்க, நான் கூட வர்றேன்."

நான் மாட்டேன் என்றேன். புள்ளை பெற்றபோது காட்டியதோடு சரி, இந்த வயசில் ஒருத்தர் முன்னால் காலை விரித்துப் படுக்க மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் அவளைத் தட்டிக்கழிக்க ஒரு வழி சொன்னேன். "நீ மொதல்ல போய்ப் பண்ணிக்கினு வா. உனக்கு ஒண்ணும் ஆவலன்னா அடுத்த தபா நான் வர்றேன்." போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். அவளுக்கு ஒரு வலியும் இல்லை, ஒரு குறையும் இல்லை. எனக்குத் தைரியம் வர வேண்டும் என்பதற்காக மட்டும் போனாள். போவதற்கு முன்னால் நான் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் விஷயம் சேகர் காதுக்குப் போகக் கூடாது, உன் மகள் தலைமேல் அடித்துச் சொல்லு என்றேன். சொன்னாள்.

திரும்பி வந்து, "லேடி டாக்டருதான் அத்தை. வினிகர் மாரி ஒரு தண்ணியத் தொட்டுத் தடவி ஒரு நிமிசம் பாத்தாங்க. எறும்பு கடிச்சாக்கூட அதவிட ஜாஸ்தி வலிக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அவளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். தடவின இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்திருக்கிறது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அதை எடுத்துவிட வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொன்னால் நான் பயந்துபோய் வரவே மாட்டேன் என்று அவள் அந்த அட்டையை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்மை நகர்த்தியபோது அது என் கையில் கிடைத்தது. மலரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் கர்ப்பப்பை வாய் என்று ஆரம்பித்தாள். ஒரு கிருமி என்றாள். அப்புறம் குரல் இறங்கிப்போய், "ஆம்பள கூட இருந்தா வருமாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என்ன என்று கேட்டேன். "அவ்ளோதாம்மா" என்றாள். எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. கண்டவனோடு போகிறவளுக்குத்தான் அந்த இடத்தில் புற்று வரும் என்று கன்னியம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். செல்வி ஒளித்து வைத்திருக்கிறாளே, தப்பில்லை என்றால் ஏன் ஒளிக்க வேண்டும் என்று என் புத்தி போனது. நீ சோற்றில் கை வைத்திருந்தாய். நான் அந்த அட்டையைக் கொண்டுவந்து உன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். "உன் பொண்டாட்டி இன்னா வாங்கினு வந்துகீறா பாரு" என்றேன். அப்படித்தான் சொன்னேன். சொல்லை மாற்றாமல் எழுது என்று மலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை உனக்கே சொல்கிறேன், ஏனென்றால் அடிக்கிறவனுக்குத் தான் அடித்தது முழுக்க ஞாபகம் இருக்காது. அடி வாங்கினவளுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும்தான் இருக்கும். எச்சில் கையோடு அவள் தலைமுடியைப் பிடித்தாய். அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் இழுத்து வந்தாய். அவள் முழங்கால் நிலைப்படியில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. "எவங்கிட்டடி போய் வாங்கினு வந்த?" என்று கேட்டுக் காதோடு சேர்த்து அறைந்தாய். அவள் பதில் சொல்வதற்கு இடமே கொடுக்காமல் அறைந்தாய். வாயில் ஒரு குத்து விட்டாய். பல் ஒன்று தெறித்து வாசலில் விழுந்தது. அட்டையை நான்காகக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தாய். "வாசலத் தாண்டினா கால வெட்டிடுவேன்" என்றாய். அது வரைக்கும் நான் என்ன செய்தேன்? நின்றேன். நின்றது மட்டுமில்லை, "கேளுடா, நல்லாக் கேளு" என்றேன்.

அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "உனக்கு இன்னாடி வியாதி? எதுக்குடி அந்தக் கேம்புக்குப் போன?" என்றாய். செல்வி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்காகப் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். அவள் சொல்லவில்லை. மகள் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தேனே. அவள் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். சேகர், எட்டு மாதம் வலித்ததைவிட அந்த ஒரு பார்வை எனக்கு வலிக்கிறது. நான் வேறு பக்கம் பார்த்த பிறகும் நீ அவளை ஆறு தடவை மிதித்தாய்.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். நீ இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு வெள்ளை பட்டுக்கொண்டிருந்தது என்று திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். யாரைக் கேட்டுப் போனாய், எவன் கைவைத்துப் பார்த்தான் என்று உன் அப்பா கேட்டார். என்னைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "டேய் சேகரு, அந்த மாட்டுக் கயித்த எடுத்தா" என்றார். நீ ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தாய். உன்மேல் தப்பில்லை, உனக்கு ஏழு வயசு. ஆனால் அன்று சாயங்காலம் முதுகெல்லாம் வீங்கிப் படுத்திருந்த என்னிடம் வந்து, "யம்மா, அப்பா ஏன் அடிச்சாரு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அப்பா பாவம்டா, உழைச்சிட்டு வர்றவரு, கோவம் வரத்தான் செய்யும். நாந்தான் சொல்லாம போயிட்டேன்" என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நீ விட்ட ஒவ்வொரு அடியும் நான் அன்று சொன்ன அந்தப் பதிலிலிருந்து வந்தது. உன் அப்பா செத்து நான்கு வருடம் ஆகிறது. அவரிடம் இனிமேல் ஒன்றும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன். அவர் செய்தது அயோக்கியத்தனம். அதற்குப் பிறகு, மலரைப் பெற்றபோது தவிர, நான் எந்த டாக்டரம்மாவிடமும் போகவில்லை. இருபது வருடம் போகவில்லை. அந்தக் கயிறு இப்போதும் என் கர்ப்பப்பையில்தான் சுற்றிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் கை ஓய்ந்துபோனதும் நீ அம்முவைக் கூப்பிட்டாய். "அம்மு, அந்த மோட்டார் ஓஸ எடுத்தா" என்றாய். நான்கு வயசுக் குழந்தை. அவள் போய் அந்தத் தண்ணீர்க் குழாயை எடுத்தாள். எனக்கு உன் ஏழு வயசு முகம் கண்ணில் வந்து நின்றது. எடுத்தவள் உன்னிடம் தரவில்லை. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அது மேலே மிதந்து வந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது. கூரையில் செருகியிருந்த கருக்கருவாளை எடுத்தேன்.

"கைய எறக்குடா."

"யம்மா, நீ ஒதுங்கு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எறக்குடான்னு சொல்றேன். இன்னொரு அடி வுழுந்துச்சி, உன் கை இந்த வாசல்ல கெடக்கும்."

வெட்டியிருப்பேன். சும்மா மிரட்டினேன் என்று நினைக்காதே. உனக்குப் பால் கொடுத்தவள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் என் நினைப்பில் இல்லை. அவள் எனக்காகத்தான் போனாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தள்ளினாய்.

மலர்தான் நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினாள். கடைக்குப் போனால்கூட என்ன வேண்டும் என்று சத்தமாகக் கேட்கத் தெரியாத பெண், நடுத்தெருவில் நின்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தியிருக்கிறாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் துணி வைத்து அடைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். டாக்டரம்மா உள்ளே பார்த்தார். எத்தனை மாதமாக என்று கேட்டார். எட்டு என்றேன். "இத்தனை மாசம் என்னம்மா பண்ணீங்க?" என்றார். தீட்டு என்று ஒதுங்கி உட்கார்ந்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அது என்னவென்று எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கரண்டு வைக்கிறது என்பார்களே, அந்தக் கதிர் வைக்க வேண்டியிருக்கும், தினம் தினம் பல வாரம் வர வேண்டியிருக்கும், முன்னாலேயே வந்திருந்தால் சின்னதாக முடிந்திருக்கும் என்றார்.

செல்வியின் வீங்கின முகத்தைப் பார்த்து, ஆம்புலன்ஸில் எங்களோடு வந்த நர்ஸம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். "கீழ வுழுந்துட்டேன்" என்றாள். "வுழுந்தா கன்னத்துல அஞ்சு வெரலு எப்டிம்மா பதியும்?" என்றார் நர்ஸம்மா. நான் சொன்னேன். என் வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை உன்னிடம் கொடுத்தது நான் என்பதையும் சொன்னேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார்.

அவர் சொன்னது இதுதான். அந்தக் கிருமி கல்யாணமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் வருகிறது. தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் போகாமல் வருடக்கணக்காக உள்ளே தங்கி, மெல்ல மெல்லப் புண்ணாகிறது. ஆணிடமிருந்து பெண்ணுக்கு வரும், ஆணுக்கு அனேகமாக ஒன்றும் தெரியாது. யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. "எவ யோக்கியம் எவ யோக்கியம் இல்லன்னு பாக்குற டெஸ்ட் இல்லம்மா இது. புண்ணு இருக்கா இல்லையான்னு பாக்குற டெஸ்ட்" என்றார். உன் அப்பா செங்கல் சூளை வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வெளியூரில் கிடந்தார். அவர் எங்கே தங்கினார், யாரோடு இருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உன்னை நான் கேட்கவில்லை. செல்வியும் கேட்கவில்லை. கேட்காமலேயே உன் துணியைத் துவைக்கிறாள். அவளைத்தான் நீ எவன் என்று கேட்டாய்.

செல்விக்கு வந்திருப்பது இன்னும் புற்று இல்லை, சேகர். புற்றாகப் போகிற வழியில் முதல் படி. சூடு வைத்தோ குளிர வைத்தோ ஒரே நாளில் எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எடுக்காமல் விட்டால், அவள் என் வயசுக்கு வரும்போது என் மாதிரி ஆவாள். நீ கிழித்தாயே, அது அவளுடைய உயிர். அதைத்தான் நான் உன் எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். நாளைக்குத்தான் அந்த அட்டையில் போட்டிருக்கிற தேதி. எனக்கும் நாளைக்கே விழுப்புரத்தில் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்து இன்று காலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செல்வி நர்ஸம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "வூட்டுக்காரரு கையெழுத்து வேணுங்களா?" என்றாள். நீ இல்லையே, நீ இருந்தாலும் போட மாட்டாயே என்று அவளுக்குக் கவலை. நர்ஸம்மா அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "உடம்பு உன்னுது. இந்தக் கையில எழுதுனா போதும்" என்றார். செல்வி தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மத்தியானம் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றேன். செல்வி பையைக் கட்டிக்கொண்டே, வீங்கின வாயோடு, "நீங்க மொதல்ல போய்ப் பண்ணிக்கினு வாங்க அத்தை. உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் வர்றேன்" என்றாள். நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகையாகிவிட்டது. இவளையா நான் உன்னிடம் பிடித்துக் கொடுத்தேன்.

நீ அவளை அடித்ததற்குப் போலீசில் எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தால் நான் தடுக்க மாட்டேன். சாட்சி கேட்டால் நான் சொல்லுவேன், என் மகன் என்று பார்க்க மாட்டேன். உன்னிடம் வண்டி கேட்கவில்லை, துணைக்கு வா என்று கெஞ்சவும் இல்லை. பஸ் இருக்கிறது. எங்களுக்கு நாங்கள் இருக்கிறோம். நீ வருவதாக இருந்தால் இப்படி வா. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நில். செல்வியைப் பார்க்கலாமா என்று யாரிடமாவது சொல்லி அனுப்பு. அவள் வேண்டாம் என்றால் திரும்பிப் போ, கத்தாதே. வரச் சொன்னால், அவள் பேசும் வரைக்கும் நீ பேசாதே. நர்ஸம்மாவிடம் போய் அந்த டெஸ்டைப் பற்றி நீயே கேட்டுத் தெரிந்துகொள். பிறகு உன்னோடு வண்டி ஓட்டுகிறவர்களிடம் சொல்லு. அவரவர் பெண்டாட்டியை, அம்மாவை அடுத்த கேம்புக்கு அனுப்பச் சொல்லு. இதைச் செய்தால் நீ எனக்குக் கொள்ளி வைக்கலாம். செய்யாவிட்டால் மலர் வைப்பாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

அம்மு தலைமேல் நான் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் ரத்தத்தை ஒளிக்க மாட்டாள். அருவாளைப் பையில் வை என்று மலரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உள்ளே விட மாட்டார்கள் என்று எடுத்துவிட்டாள். அது பழைய இடத்திலேயே கூரையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு ஞாபகம் வரட்டும்.

உன்னைப் பெற்றவள்.

அண்ணா, இதுவரைக்கும் அம்மா சொன்னது. இனிமேல் நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் இதை இன்னும் படித்துக் காட்டவில்லை. நாளைக்கு பஸ்ஸில் படித்துக் காட்டுவேன்.

அந்த அட்டையில் "அவ்ளோதாம்மா" என்று நான் சொன்ன இடத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல் வந்தது. அதை அம்மா முன்னால் வாயைத் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தாண்டிப் போக முடியாமல் அட்டையை மூடிவிட்டேன். நான் மூடினதால்தான் அம்மா உன்னிடம் கொடுத்தாள். அண்ணியின் பல்லை வாசலில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அட்டைத் துண்டுகள் நான்கும் கிடைத்தன. சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். அண்ணிக்கு நாளைக்கு வேண்டும் என்பதால் அதை உனக்கு வைத்துவிட்டுப் போக முடியாது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"இது உடலுறவின் மூலம் பரவும் ஒரு கிருமியால் வருகிறது. திருமணமான பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கிருமி எப்போதாவது வந்து போகும். இது உங்கள் நடத்தையையோ உங்கள் கணவரின் நடத்தையையோ காட்டுவது அல்ல. இது புற்றுநோய் அல்ல. குறித்த தேதியில் வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் இது புற்றுநோயாக மாறாமல் தடுக்கலாம்."

அண்ணா, இதைச் சத்தமாகப் படி. நான் படிக்காமல் விட்டது.